ஆபீசர் வரும் நாளில் மட்டும் புதுத் துணி

கேள்வி:

வணக்கம் மேடம். என் அண்ணன் மூன்று வருடத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். அண்ணி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். கம்பெனி விடுதியிலேயே தங்கியிருக்கிறார். மாதம் பத்தாயிரம் வரும், ஆர்டர் இல்லாத மாதத்தில் அதுவும் வராது. பிள்ளைகளைக் கூட வைத்துக்கொள்ள வழியில்லாமல், தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பி, பக்கத்து மாவட்டத்தில் ஒரு டிரஸ்ட் நடத்தும் ஹோமில் இரண்டு பெண்களையும் சேர்த்துவிட்டார். பெரியவள் எட்டாவது, சின்னவள் ஐந்தாவது. பொங்கலுக்கு என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சின்னவளின் காலில் பிரம்புத் தழும்பு. கேட்டதற்குப் பெரியவள், "பாத்திரம் சரியா கழுவலைன்னா அடிப்பாங்க அத்தை. ஆபீசர் வர்ற அன்னைக்கு மட்டும் புது டிரஸ் குடுப்பாங்க, அவங்க போனதும் திருப்பி வாங்கிக்குவாங்க. எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லச் சொல்வாங்க" என்றாள். ஹோமுக்குப் போன் செய்தேன். "நாங்க அரசுப் பதிவு பெற்ற நிறுவனம். போன மாசம்தான் இன்ஸ்பெக்‌ஷன் முடிச்சுட்டுப் போனாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் இப்போது திரும்ப அங்கேதான் இருக்கிறார்கள். இதையெல்லாம் பார்க்க அரசாங்கத்தில் ஆள் இருக்கிறார்களா? புகார் கொடுத்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்களா, அல்லது கோபத்தை அவர்கள் மேல் காட்டுவார்களா? அத்தைக்கு இதில் கேட்க உரிமை உண்டா? அண்ணி ரொம்பப் பயப்படுகிறார்.

- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. இதை முழுதாகப் படித்துவிட்டுச் செய்யலாம் என்று வைக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்து, தழும்பைப் பற்றியும் பிள்ளை சொன்னதைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். இலவச எண், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உங்கள் பெயரை ஹோமுக்குத் தெரிவிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். போன் செய்த தேதியையும் நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஹோமுக்கு மட்டும் இன்னொரு முறை போன் செய்யாதீர்கள். ஒரு முறை செய்ததே போதும், அவர்கள் உஷாராகியிருப்பார்கள்.

அடியைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்தப் புதுத் துணிதான். நான் வக்கீல். நடுவில் மூன்று ஆண்டு ஒரு மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். இல்லங்களைப் பார்வையிடப் போவது எங்கள் வேலைகளில் ஒன்று. ஒரு இல்லத்தில் போய் நின்றபோது கட்டில் முழுக்கப் புது விரிப்பு. கடையில் மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. ஒரு பையனிடம், "உன் கட்டில் எதுப்பா?" என்றேன். அவன் கட்டிலைப் பார்க்கவில்லை, வார்டனின் முகத்தைப் பார்த்தான். அவன் தரையில் படுப்பவன் என்று எனக்கு அந்த நொடியே புரிந்தது. ஆனாலும் அன்று எங்கள் அறிக்கையில் "படுக்கை வசதி உள்ளது" என்றுதான் எழுதினோம், ஏனென்றால் படிவம் கேட்ட கேள்வி அது. படுக்கை இருக்கிறதா என்று கேட்டது, யார் படுக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால், பார்க்க ஆள் இருக்கிறார்களா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: இருக்கிறார்கள், தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் கட்டடத்தையும் பதிவேட்டையும்தான். உங்கள் அண்ணன் மகள் அவர்கள் கண்ணில் பட வேண்டுமென்றால், அவள் பெயரில் ஒரு காகிதம் மேசைக்குப் போக வேண்டும். அந்தக் காகிதத்தை எழுதப்போவது நீங்கள்.

யார் யார் என்று சொல்கிறேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் குழந்தைகள் நலக் குழு உண்டு: ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், அதில் ஒருவராவது பெண். முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. மாதத்தில் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும், மாதம் இரண்டு இல்லங்களையாவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இது தவிர மாவட்ட ஆய்வுக் குழு தனி. மூன்று பேருக்குக் குறையாமல், ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் கட்டாயம் இருக்கும்படி, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது எல்லா இல்லங்களுக்கும் போக வேண்டும். பார்த்த ஒரு வாரத்துக்குள் அறிக்கை கலெக்டருக்குப் போக வேண்டும், அவர் ஒரு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். அன்றாட வேலைக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு என்ற அலுவலகம் இருக்கிறது. இவர்களுக்கு மேலே சென்னையில் துறையின் இயக்ககம், மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம், டெல்லியில் தேசிய ஆணையம். இத்தனை கண்களுக்கும் தப்பித்தான் அந்தப் பிரம்பு ஆடியிருக்கிறது.

எப்படி என்று கேட்பீர்கள். கொஞ்சம் பழைய கதை சொன்னால்தான் விளங்கும். 2007-இல், மாமல்லபுரத்துக் காப்பகங்களில் குழந்தைகள் சுரண்டப்படுகிறார்கள் என்று வந்த செய்தியிலிருந்து உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு உருவானது. தமிழ்நாட்டுக் காப்பகங்களின் பெயரிலேயே அந்த வழக்கு இன்றும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. பத்து வருடம் நடந்து 2017 மே 5-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டிலுள்ள எல்லாக் காப்பகங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஆய்வுக் குழுக்கள் ஒழுங்காகப் போக வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும், சமூகத் தணிக்கை நடத்த வேண்டும் என்றெல்லாம் உத்தரவு. அதே காலத்தில் மத்திய அரசு எடுத்த கணக்கில் நாடு முழுக்க 9,589 இல்லங்கள் இருந்தன, அவற்றில் சுமார் 3.7 லட்சம் பிள்ளைகள் இருந்தார்கள். இல்லங்களில் பத்தில் ஒன்பது தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை. ஐந்தில் இரண்டுக்கு மேல் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், கேரளம் ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும். ஏழைப் பிள்ளையை ஹோமில் சேர்ப்பது நம் ஊரில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். உங்கள் அண்ணியைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை.

இப்போது "அரசுப் பதிவு பெற்ற நிறுவனம்" என்ற அந்தப் பேச்சுக்கு வருவோம். வாசல் பலகையில் ஒரு பதிவு எண் எழுதியிருக்கும். பெரும்பாலும் அது டிரஸ்டைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்த எண். நீங்களும் நானும் நாளைக்கே போய் ஒரு டிரஸ்ட் பதியலாம். வருமான வரி விலக்குச் சான்று, வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அனுமதி ஆகியவையும் அதே மாதிரிதான். குழந்தைகளைத் தங்க வைப்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. கேட்க வேண்டியது இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் தரப்படும் பதிவுச் சான்று. அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அந்தப் பதிவு இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். சில இடங்கள் நாங்கள் ஹோம் இல்லை, விடுதி என்பார்கள். 2014-இல் தமிழ்நாடு அரசு பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது; அதன்படி கலெக்டரிடம் உரிமம் வாங்க வேண்டும். ஆக ஏதோ ஒரு காகிதம் இருந்தே ஆக வேண்டும். எந்தச் சட்டத்தில், எந்த எண், எந்தத் தேதி வரை என்று அவர்களைச் சொல்ல வையுங்கள். போனில் கேட்காமல் மனுவில் கேளுங்கள்.

ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகளை ஹோமில் விட்டபோது குழந்தைகள் நலக் குழு முன்னால் அண்ணி போய் நின்றாரா? குழு உத்தரவு போட்டதா? உத்தரவின் நகல் கையில் இருக்கிறதா?

தெரிந்தவர் சொன்னார், சேர்த்துவிட்டோம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உத்தரவே இருக்காது என்று படுகிறது. பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழு முன் நிறுத்த வேண்டும், குழு விசாரித்துத்தான் இல்லத்தில் வைக்கச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். வீட்டு நிலைமையைப் பற்றிச் சமூக விசாரணை அறிக்கை வாங்க வேண்டும், நான்கு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும். நடப்பது என்ன? தாயிடம் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து, ஆதார் நகல், டி.சி., இரண்டு போட்டோ, அவ்வளவுதான். உத்தரவில்லாத பிள்ளை கணக்கில் இல்லாத பிள்ளை. ஆய்வுக்கு ஆள் வரும்போது பதிவேட்டில் நாற்பது பெயர், கூடத்தில் அறுபது பிள்ளை என்றால், மிச்ச இருபது பேர் அன்று மட்டும் பக்கத்துச் சர்ச்சுக்கோ கோயிலுக்கோ அனுப்பப்படுவார்கள். நான் பார்த்திருக்கிறேன். 2021-இல் மதுரையில், காப்பகத்தில் இருந்த ஒரு வயதுக் குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் போலிக் காகிதம் காட்டி விற்றதாக வந்த வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். காகிதம் யார் கையில் இருக்கிறதோ பிள்ளையும் அவர் கையில்தான்.

பீகாரின் முசாபர்பூர் கதையையும் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்த இல்லை, காரணம் இருக்கிறது. பீகார் அரசு கேட்டுக்கொண்டதன் பேரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழுவினர் அங்குள்ள 110 இல்லங்களில் சமூகத் தணிக்கை செய்து 2018-இல் அறிக்கை கொடுத்தார்கள். 17 இல்லங்களில் நிலைமை படுமோசம் என்று எழுதினார்கள். முசாபர்பூர் இல்லத்துச் சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகியிருந்தது அப்படித்தான் வெளியே வந்தது. அரசு நிதி வாங்கிக்கொண்டிருந்த இல்லம் அது. 2020-இல் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அதில் அந்த மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவர் ஒருவர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலராக இருந்தவர் ஒருவர். யார் பார்க்க வேண்டுமோ அவர்களே. அதனால்தான் ஒரே இடத்தில் மனு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள் என்கிறேன். இரண்டு மூன்று மேசைக்கு நகல் போனால் ஒரு மேசையில் தூங்க வைப்பது கஷ்டம். எல்லா அதிகாரியும் அப்படி என்று சொல்ல வரவில்லை. பாதுகாப்பு அலகுகளில் ஒப்பந்தச் சம்பளத்தில் ராத்திரி பத்து மணிக்கும் குழந்தைத் திருமணத்தை நிறுத்த ஓடும் இளம் ஊழியர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மாவட்டத்துக்கு அவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் விரல் மிஞ்சும்.

சரி, மனு. குழந்தைகள் நலக் குழுத் தலைவருக்கு எழுதுங்கள், ஹோம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டக் குழுவுக்கு. நகல் அதே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கு. இன்னொரு நகலை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை அந்த மாவட்டக் கலெக்டர் அலுவலகத்துக்கு மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரில் போங்கள், மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் வராதீர்கள். கலெக்டரை ஏன் இழுக்கிறேன் என்றால், 2021-இல் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பர் முதல் இந்தப் பொறுப்பில் பெரும்பங்கை அவர் தலையில் வைத்துவிட்டார்கள். இல்லத்துக்குப் பதிவு கொடுப்பதற்கு அவர் பரிந்துரை வேண்டும், ஆய்வு அறிக்கை அவரிடம் வர வேண்டும், குழந்தைகள் நலக் குழு சரியாகச் செயல்படவில்லை என்றால் குறை கேட்பவரும் அவர்தான். எனக்கு இந்தத் திருத்தத்தில் பாதி சம்மதம்தான். கலெக்டர் கையெழுத்துக்குக் கதவு திறக்கும், அது உண்மை. ஆனால் வெள்ளம், தேர்தல், பட்டா, மந்திரி வருகை என்று ஓடும் ஒருவருடைய மேசையில் இது எத்தனையாவது கோப்பு? நினைவூட்ட ஆள் இருந்தால் மேலே வரும். அந்த ஆள் நீங்கள்.

மனுவில் கதை வேண்டாம். பிள்ளைகளின் பெயர், வயது, எந்தத் தேதியிலிருந்து அங்கே இருக்கிறார்கள், எந்தத் தேதியில் தழும்பைப் பார்த்தீர்கள், பிள்ளை சொன்ன வார்த்தை அப்படியே. பெரியவள் சொன்னதை எனக்கு எழுதியது போலவே எழுதுங்கள், அவள் பேச்சைத் திருத்தி நல்ல தமிழாக்காதீர்கள். போட்டோ எடுத்திருந்தால் நகல் வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பிலோ முகநூலிலோ மட்டும் போடவே கூடாது. குழந்தையை அடையாளம் காட்டுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம், அது உங்களையே வந்து பிடிக்கும். அப்புறம் மூன்று விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். பிள்ளைகளை ஹோம் ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல் தனியாக, முடிந்தால் ஹோமுக்கு வெளியே வைத்து விசாரிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். விசாரணை முடியும்வரை அவர்களை வேறு பாதுகாப்பான இடத்தில், தாயிடமோ உறவினரிடமோ அரசு இல்லத்திலோ வைக்க வேண்டும். பழிவாங்குவார்களே என்ற உங்கள் பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து இந்த மூன்றாவது கோரிக்கைதான். அதை எழுதாமல் வெறும் புகார் மட்டும் கொடுத்தால், விசாரணைக்கு ஆள் வந்து போன அன்று ராத்திரி பிள்ளைகள் அதே கூடத்தில்தான் படுக்க வேண்டியிருக்கும்.

தன் தட்டைத் தானே கழுவுவதில் தப்பில்லை, நம் வீட்டிலும் சொல்லிக்கொடுக்கிறோம். அதற்காகப் பிரம்பெடுப்பது வேறு. கண்டிப்பதற்காக அடித்தேன் என்றாலும் இல்லத்து ஊழியருக்கு முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் அபராதம், வேலையும் போகும். மறுபடி செய்தால் மூன்று மாதம் வரை சிறை. கொடுமை என்று நிரூபணமானால் 75-ஆம் பிரிவு: பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவர் என்றால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம். ஒருவேளை பிள்ளைகள் பேச்சில் வேறு மாதிரியான தொடுதல் பற்றி ஏதாவது வந்தால், குழு, கலெக்டர் என்று காத்திருக்காமல் நேராகப் போலீஸ். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

பிள்ளைகளிடம் குடைந்து குடைந்து கேட்காதீர்கள். தலை வாரிவிடும்போது, சோறு போடும்போது தானாக வருவதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் விசாரிக்கலாம்: ஹோமில் ஆலோசனைப் பெட்டி இருக்கிறதா, அதன் சாவி யாரிடம்? 2016 மாதிரி விதிகளின்படி அலுவலக அறைக்குத் தள்ளி, பிள்ளைகள் எளிதாகப் போகக்கூடிய இடத்தில் ஒரு பெட்டி வைக்க வேண்டும். சாவி குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும், வாரத்துக்கு ஒரு முறை பிள்ளைகள் முன்னிலையில் திறக்க வேண்டும். எங்கள் காலத்தில் ஓரிடத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். கண்காணிப்பாளர் தன் இடுப்புச் சாவிக்கொத்தில் இருந்து எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு பல்லி முட்டை. ஏழு பேருக்கு ஒரு கழிப்பறை, பத்துப் பேருக்கு ஒரு குளியலறை என்று விதி சொல்வதையும் பெரியவளிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டுப் பார்க்கலாம். எட்டாவது படிக்கிறவள், சரியாக எண்ணிச் சொல்வாள்.

உரிமை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புகார் கொடுக்க அத்தையாகக்கூட இருக்க வேண்டியதில்லை, தெருவில் போகிறவரும் கொடுக்கலாம். ஆனால் பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வருவதற்குத் தாய் வேண்டும். குழுவின் உத்தரவு இருந்தால், அண்ணி குழு முன் போய் மனு கொடுத்து, குடும்பத்தோடு சேர்க்கும் உத்தரவை வாங்கித்தான் அழைக்க வேண்டும். உத்தரவே இல்லை என்றால் தாய் போய் அழைத்து வருவதை யாரும் தடுக்க முடியாது, டி.சி.யைத் தரமாட்டேன், இத்தனை நாள் சாப்பாட்டுக் காசைக் கட்டு என்றால் அதையும் மனுவில் சேருங்கள். அப்படி அழைத்து வந்தாலும் குழுவுக்குத் தெரியப்படுத்துங்கள். இல்லாவிட்டால் உங்கள் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், அடி மட்டும் அங்கேயே மற்றப் பிள்ளைகளுக்கு இருக்கும்.

அழைத்து வந்த பிறகு எப்படி வளர்ப்பது என்பதுதான் அண்ணியின் பயம் என்று எனக்குத் தெரியும். சட்டம் இல்லத்தைக் கடைசி வழி என்கிறது. வறுமையால் மட்டும் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கணவனை இழந்தவரின் பிள்ளைகள், இல்லத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பிள்ளைகள், இரண்டு வகையிலும் உங்கள் பெண்கள் வருகிறார்கள். ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். இதில் ஒரு விசித்திரம்: அதே திட்டத்தில் இல்லத்தில் வைத்துப் பராமரிக்க ஒரு பிள்ளைக்கு 3,000. வீட்டில் இருந்தால் கூடத் தருகிறார்கள், ஆனாலும் பிள்ளைகள் ஹோமுக்குத்தான் போகிறார்கள், ஏனென்றால் இப்படி ஒன்று இருப்பதைத் தாய்மார்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது, மறைக்க மாட்டேன். குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000-க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். மாதம் பத்தாயிரம் என்று கணக்குப் போட்டால் அண்ணி வெளியே. வேலையே இல்லாதவருக்குத் தருவேன், பனியன் கம்பெனியில் கை ஓயாமல் வேலை செய்பவருக்குத் தரமாட்டேன் என்பது என்ன கணக்கோ, எனக்குப் புரிந்ததே இல்லை. ஆனால் ஆர்டர் இல்லாத மாதம் சம்பளமும் இல்லை என்கிறீர்கள். உண்மையில் ஆண்டுக்கு எவ்வளவு கையில் வந்தது என்று சம்பளச் சீட்டையும் வங்கிக் கணக்கையும் வைத்துக் கூட்டிப் பார்த்து, அதைக் காட்டி இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். பொய் சொல்ல வேண்டாம், பன்னிரண்டு மாதத்தையும் எண்ணினால் போதும். சான்று வரம்புக்குள் வந்தால் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுங்கள், கலெக்டர் தலைமையிலான குழு முடிவு செய்யும். மாவட்டத்துக்கு ஒதுக்கிய நிதி தீர்ந்திருந்தால் காத்திருக்கவும் நேரிடும். வரம்புக்குள் வராவிட்டால், அரசு மாணவியர் விடுதி இருக்கும் பள்ளியாகப் பார்த்துச் சேர்க்கலாம். ஜூனில் சேர்க்கை என்பதால் ஏப்ரலிலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். அதுவரை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்கும் உரிமை எனக்கில்லை, ஆனால் குழு கேட்கும். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

மனு கொடுத்து முப்பது நாள் ஆகியும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பாதுகாப்பு அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு: இந்த இல்லத்தின் 41-ஆம் பிரிவுப் பதிவு எண், அது முடியும் தேதி, அனுமதித்த பிள்ளைகள் எண்ணிக்கை, கடந்த ஓராண்டில் ஆய்வுக் குழு போன தேதிகள், குழந்தைகளின் பெயர் நீக்கிய ஆய்வறிக்கை நகல். போன மாசம்தான் இன்ஸ்பெக்‌ஷன் முடிந்தது என்று அவர்கள் சொன்னது நிஜமா என்று அப்போது தெரியும். நிஜமாகவே போயிருந்தால், அந்த அறிக்கையில் உடை என்ற கட்டத்துக்கு நேரே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.